புல் வெட்டும் செலவு

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பள்ளி
மாகாணத்தின் ஏட்டில் வசதியான பள்ளி.
எப்போதோ யாரோ வரைபடத்தை விரித்து
சுற்றியிருந்த வீடுகளை எண்ணினார்கள்.
ஓட்டுக்கூரை, குழாய்த் தண்ணீர், வாசலில் ஒரு டொயோட்டா.
ஐந்தாம் தரம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த டொயோட்டா வீட்டுப் பிள்ளைகள்
டர்பனுக்குள் வேறெங்கோ படிக்கிறார்கள்.
எங்களிடம் வருகிறவர்கள்
ஆற்றுக்கு அப்பாலுள்ள தகரக் குடிசைகளிலிருந்து
ஒரே டாக்சியில் இருபத்திரண்டு பேராக,
ஒருவர் மடியில் ஒருவர்.
மடியை எண்ண ஏட்டில் கட்டம் இல்லை.

நான் பொருளாளர். சம்பளம் கிடையாது.
பகலில் செருப்புத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன்.
அங்கே இடதுக்கு ஒரு வலது,
தவறினால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

இங்கே தலைக்கு இவ்வளவு என்று வருகிறது.
தலைக்கு.
லுவாண்டிலேயின் தலையும் அதில் ஒன்று,
மணி அடிக்கும்போதெல்லாம்
அவன் சுவரில் மோதிக்கொள்ளும் தலை.
சுவருக்கும் அதற்கும் நடுவில்
உள்ளங்கையை வைப்பது தோபிலேயின் வேலை.
மாதம் நாலாயிரம் ராண்ட்.
ஒரு வருஷத்துக்கு அவன் தலைக்கு வருவது
அவள் கைக்கு இரண்டு நாள் காணாது.

உதவியாளர் கேட்டு மாகாணத்துக்கு எழுதினோம்.
கடிதம் கிடைத்தது என்று
ஒரு கடிதம் வந்தது.
சிறப்புப் பள்ளியிலும் கேட்டோம்.
வரிசையில் நூற்றெண்பத்து மூன்றாவது பெயர்.
அப்போது அவனுக்கு ஏழு வயது.

அக்டோபர் கூட்டத்தில் தலைமையாசிரியர் குபேந்திரன்
தண்ணீர் பில்லை வாசித்தார், மின்சாரத்தை வாசித்தார்,
பையன்கள் கழிவறையில் கதவில்லாததை
கொஞ்சம் குரலைத் தாழ்த்தி வாசித்தார்.
தேஷ்னியின் அப்பா எழுந்தார்:
"என் மகள் வகுப்பில் நாற்பத்தாறு பேருக்கு ஒரு டீச்சர்.
ஒரு பையனுக்கு ஒரு ஆளா?"
கெட்ட மனிதர் இல்லை.
போன மழையில் பள்ளியின் கூரைத் தகரத்தை
காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தவர்.
எனக்குப் பதில் வரவில்லை.
இன்றுவரை வரவில்லை.

பிரியாணி விற்றோம், இருநூறு பொட்டலம்.
அரிசிக் கடைக்கும் கறிக் கடைக்கும் கொடுத்தது போக
ஆறு வாரம் மிஞ்சியது.
ஆம், வாரம். நான் பணத்தை
இப்போதெல்லாம் அப்படித்தான் எண்ணுகிறேன்.

மின்வெட்டு நேரம். அடுப்படி மேசையில் மெழுகுவர்த்தி.
பட்ஜெட்டின் ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தேன்.
மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்காத வரி ஒன்றுதான்:
புல் வெட்டும் செலவு.
அதற்குள் தோபிலேயை
மெதுவாக உட்கார வைத்தேன்.
தொழிற்சாலையில் இதைச் செய்தால்
அன்றே என்னை வெளியே நிறுத்துவார்கள்,
நியாயமாகத்தான்.

கோடை மழையில் புல் வளர்ந்தது.
கணுக்கால், முழங்கால்.
பாம்பு வரும் என்று இரண்டு தாய்மார்கள் எழுதிக் கொடுத்தார்கள்.
இதை நான் எதிர்பார்க்கவில்லை:
வெட்டும் மெஷினின் இரைச்சல் நின்றதும்
லுவாண்டிலே தானாக வெளியே போனான்.
புல்லுக்குள் படுத்தான்.
தோபிலே பக்கத்தில் உட்கார்ந்து
நார்ச்சிப் பழம் உரித்தாள்,
இரண்டு கையாலும்.

வியாழக்கிழமை கணக்காய்வாளர் வருகிறார்.
ரசீது இருக்கிறது, புல்லும் இருக்கிறது.

புதன் மதியம் தேஷ்னியின் அப்பா வந்தார்.
அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது.
மெஷின் கொண்டுவரவில்லை. அரிவாள்.
என்னைப் பார்க்கவுமில்லை.
குனிந்து, வேலி ஓரத்திலிருந்து தொடங்கி,
சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டே வந்தவர்
அவன் படுத்திருந்த இடத்தில் நின்றார்.
சுற்றிக்கொண்டு போனார்.

ஒரு பாய் அளவு புல் மிச்சம் நிற்கிறது.
இதை எந்த வரியில் எழுத?